ராயபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஃப்ரோஸன் கட்லெட்: குளிர் எங்கே தப்பிப் போகிறது?

ராயபுரத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ராயபுரத்தில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து மீன் கட்லெட், இறால் வடை, கோலா உருண்டை செய்து, உறைய வைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். மீன், இறால் எல்லாம் காசிமேட்டில் விடியற்காலையில் எடுப்பது. தண்டையார்பேட்டை, பெரம்பூர் கடைகளுக்கு ஐஸ் பெட்டியில் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். அதில் இதுவரை குறை வந்ததில்லை.

இப்போது தெற்கே வேளச்சேரி, மேடவாக்கம், தாம்பரம், செங்கல்பட்டு என்று கடைகள் கேட்கின்றன. அதற்காக ஃப்ரீசர் பொருத்திய குட்டி யானை ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். காலை பத்து மணி வாக்கில் ஏற்றுகிறோம். வண்டியில் மைனஸ் 18 காட்டுகிறது, ஓட்டுநர் போட்டோவும் அனுப்புகிறார். ஆனால் தாம்பரம் தாண்டிய கடைகளில் திறந்து பார்த்தால் கட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. பாக்கெட்டுக்குள் பனி பூத்திருக்கிறது. கோலா உருண்டை ஒரு பக்கம் தட்டையாகிவிடுகிறது. கடைக்காரர் திருப்பி அனுப்பினால் நஷ்டம் எங்களுக்குத்தான்.

வண்டிக்காரர் "உங்கள் சரக்கு சரியாக உறையவில்லை" என்கிறார். முந்தின நாள் சாயங்காலம் செய்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி, டீப் ஃப்ரீசரில் வைத்து, காலையில் எடுக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கிறது. கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறோம். யார் மேல் தப்பு என்ற சண்டை எனக்கு வேண்டாம். குளிர் எந்த இடத்தில் போகிறது என்று தெரிந்தால் போதும், சரி செய்துகொள்வேன்.

இன்னொன்று. புதுச்சேரியில் ஒருவர் மாதத்துக்கு இரண்டு பெட்டி கேட்கிறார். அதற்குத் தனி வண்டி கட்டுப்படியாகாது. பஸ் பார்சலில் அனுப்ப வழி உண்டா?

---

மாதவரம் கிடங்கு எழுதியது:

அக்கா, மாதவரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சரக்கு ஏற்றி அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் குளிர் ரோட்டில் போகவில்லை. வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே பாதி போய்விடுகிறது, மீதி ஒவ்வொரு கடை வாசலிலும் போகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்த விஷயத்தில் அரைகுறையாகச் சொன்னால் சரக்கும் போகும், சாப்பிடுகிறவர் உடம்பும் கெடும்.

முதலில் கையால் அழுத்திப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். மைனஸ் 5-க்கு வந்தாலே மீனில் உள்ள தண்ணீரில் முக்கால் பங்கு உறைந்துவிடும். கைக்கு அதுவும் கெட்டிதான், மைனஸ் 18-ம் கெட்டிதான். வித்தியாசம் வண்டியில் ஏறிய பிறகு தெரியும். மைனஸ் 18-இல் ஏற்றிய கட்லெட்டுக்கு இளகுவதற்கு முன் நிறைய இடைவெளி இருக்கிறது. மைனஸ் 6-இல் ஏற்றியதற்கு அந்த இடைவெளியே இல்லை, கிண்டி தாண்டுவதற்குள் ஓரம் இளக ஆரம்பித்துவிடும். அதனால் வண்டிக்காரர் சொன்னதை அப்படியே ஒதுக்கிவிடாதீர்கள். அவர் சொன்னதில் பாதி சரியாக இருக்கலாம்.

காரணம், கடைகளில் ஐஸ்கிரீம் வைக்கிற டீப் ஃப்ரீசர் உறைந்த சரக்கை உறைந்தபடி வைத்திருக்கச் செய்தது. மாவும் மீனும் சூடாக உள்ளே போனால், அதை ஒரே ராத்திரியில் நடுப்பகுதி வரை மைனஸ் 18-க்கு இறக்க அதற்குச் சக்தி கிடையாது. அதிலும் நீங்கள் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைக்கிறீர்கள். அட்டை குளிரை உள்ளே விடாது. ஓரத்துப் பாக்கெட் உறைந்திருக்கும், நடுப் பாக்கெட் உறைந்திருக்காது. தட்டுகளில் ஒரே அடுக்காகப் பரப்பி உறைய வைத்து, அதன் பிறகு பாக்கெட் போட்டு, கடைசியாக அட்டையில் அடுக்குங்கள். தயாரிப்பு அதிகமானால் ப்ளாஸ்ட் ஃப்ரீசர் உள்ள இடத்தில் கூலிக்கு உறைய வைத்து வாங்கலாம். அங்கே மைனஸ் 35, 40 டிகிரிக் காற்று வேகமாக அடிக்கும். சீக்கிரம் உறைந்தால் உள்ளே பனித்துகள் சின்னதாக இருக்கும், சதை கிழியாது, பொரிக்கும்போது தண்ணீர் விடாது. ருசிக்கே அது நல்லது.

வெப்பநிலை பார்க்க, கம்பி முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். பெட்டியின் நடுவில் இருக்கும் இரண்டு பாக்கெட்டுகளுக்கு இடையில் கம்பியைச் செருகி, இறுக்கிப் பிடித்து, எண் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் கருவியை நம்ப வேண்டாம். அது அட்டையின் மேல்தோலைத்தான் படிக்கும்.

அடுத்தது வண்டி. எங்கள் கிடங்குக்கு வரும் புது ஓட்டுநர்கள் எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஃப்ரீசர் வண்டி என்பது ஒரு பிளாஸ்க். பிளாஸ்க் காப்பியைச் சூடாக்காது, ஊற்றிய சூட்டைக் காப்பாற்றும். அதே மாதிரி வண்டி சரக்கை உறைய வைக்காது. டிஸ்ப்ளேயில் தெரியும் மைனஸ் 18 உள்ளே சுற்றும் காற்றின் அளவு. சரக்கின் அளவு வேறு. மைனஸ் 6-இல் இருக்கும் பெட்டிகளை அடைத்துக்கொண்டும் அந்தக் காற்று மைனஸ் 18 காட்டும். ஓட்டுநர் அனுப்புகிற போட்டோ பொய் இல்லை. நீங்கள் கேட்கிற கேள்விக்கு அது பதிலும் இல்லை.

பத்து மணிக்கு ஏற்றுவதை மாற்றுங்கள். சென்னையில் பத்து மணி என்றால் மே மாதத்தில் பாதி வெயில் ஏறிவிட்டது. வெயிலை விடப் பெரிய எதிரி நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம். கதவைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை கிளம்புகிறதே, அது வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்து தெரிவது. அந்த ஈரம் உள்ளே போய், குளிரூட்டும் காயிலில் பனியாகப் படிந்து, காற்றுப் போகும் வழியை அடைக்கும். அப்புறம் குளிரூட்டும் யூனிட், அந்தப் பனியை உருக்கும் டிஃப்ராஸ்டுக்குப் போகும். அந்த நேரம் முழுக்கக் குளிர் வராது. விடிவதற்குள் ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன் காலி வண்டியைக் கதவு சாத்தி ஓடவிட்டு உள்ளே குளிர வையுங்கள், சுவரும் தரையும் குளிர வேண்டும். ஏற்றும்போது கதவு திறந்திருக்கும் அந்த நேரத்துக்கு யூனிட்டை அணைத்துவிடச் சொல்லுங்கள். ஓடவிட்டால் வெளிக்காற்றை அதுவே உள்ளே இழுக்கும். பெட்டிகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்து நடைபாதையில் அடுக்கி வைத்து, எண்ணி, பில் எழுதி, பிறகு ஏற்றுவது என்றால் வேண்டவே வேண்டாம். பில் முந்தின நாளே தயாராக இருக்கட்டும்.

அடுக்குவதிலும் கவனம் வேண்டும். உறைந்த சரக்கைப் பெட்டிக்குப் பெட்டி இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கலாம். ஆனால் சுவர், கூரை, கதவு, தரை எல்லாப் பக்கமும் காற்று சுற்றி வர வழி விட வேண்டும். வெளிச்சூடு சுவர் வழியாகத்தான் வரும், அதைச் சரக்கைத் தொடவிடாமல் அந்தக் காற்றுத்தான் வாரிக்கொண்டு போகும். கூரை வரை திணித்துவிட்டால் காற்று மின்விசிறி வாயிலேயே சுற்றிக்கொண்டு நிற்கும், டிஸ்ப்ளே மட்டும் அழகாக இருக்கும். செங்கல்பட்டுப் பெட்டி உள்ளே, வேளச்சேரிப் பெட்டி கதவருகே. கடைக்குக் கடை பெயர் எழுதி ஒட்டிவிட்டால் ஓட்டுநர் தேட மாட்டார், கதவு திறந்திருக்கும் நேரம் குறையும். கதவுக்குப் பிளாஸ்டிக் பட்டைத் திரை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள், அது பெரிய செலவு இல்லை.

குட்டி யானையில் பெரும்பாலும் கம்ப்ரசர் வண்டி எஞ்சினோடு சேர்ந்து ஓடும். எஞ்சின் நின்றால் குளிரும் நிற்கும். டீக்கடையில் வண்டியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கத்திப்பாராவில் நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் குளிரூட்டும் சக்தி குறைவுதான். தனி டீசல் எஞ்சினோடு வருகிற யூனிட் பெரிய வண்டிகளில் இருக்கும், உங்கள் அளவுக்கு அது தேவைப்படாது. ராத்திரி கரண்டில் சொருகிக் குளிர வைக்கும் யூட்டெக்டிக் தட்டு (உள்ளே உறைந்து குளிரைச் சேமித்து வைக்கும் திரவம் அடைத்த தட்டு) வண்டி கிடைத்தால் விடாதீர்கள். பல கடைகளில் நின்று நின்று போகும் வேலைக்கே அது செய்தது, எஞ்சினை அணைத்தாலும் தட்டில் குளிர் இருக்கும்.

---

சேலையூர் கடை எழுதியது:

நான் சரக்கை வாங்குகிற பக்கம் இருப்பவன். மாதவரம் அண்ணன் சொன்னதோடு சேர்த்துச் சொல்கிறேன். கடை வாசலிலும் நிறையக் கெடுகிறது. ஓட்டுநர் பெட்டியை ஷட்டருக்கு வெளியே வைத்துவிட்டுக் கையெழுத்துக்கு நிற்பார், கடைப் பையன் கல்லாவில் ஆள் இருக்கிறார்கள் என்று பத்து நிமிடம் கழித்து வருவான். சகோதரி, வண்டி பக்கத்தில் வரும்போதே கடைக்குப் போன் போகட்டும். ஃப்ரீசரில் இடம் ஒதுக்கிவிட்டோம் என்று கடைக்காரர் சொன்ன பிறகு கதவைத் திறக்கட்டும்.

பாக்கெட்டுக்குள் பனி பூத்திருந்தால் சரக்கின் வெப்பநிலை ஏறி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். உருண்டை தட்டையாகி அப்படியே கெட்டியாக இருந்தால், ஒரு தடவை இளகி, மேல் பாரம் அழுத்தி, மறுபடி உறைந்திருக்கிறது. நான் அப்படி வந்ததை எடுப்பதில்லை. எனக்கும் சங்கடம்தான், ஆனால் வாங்கிக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் குழந்தைகளுக்குப் பொரித்துக் கொடுக்கத்தான் வாங்குகிறார்.

கட்லெட்டுக்குச் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி பயன்படுத்துகிறீர்களா? அப்படியென்றால் இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். இந்த மீன்கள் குளிர் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப் பொருள் உருவாகும். முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு, வாந்தி வரும். ஒருமுறை உருவாகிவிட்டால் பொரித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. நாற்றத்தை வைத்தும் நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால், காசிமேட்டிலிருந்து உங்கள் சமையலறை வரைக்கும் மீன் எப்படி வருகிறது என்று பாருங்கள். தூள் ஐஸில் மீன் முழுக்கப் புதைந்து வர வேண்டும், மேலாகத் தூவி இருந்தால் போதாது.

---

ஐஸ் பெட்டி அனுபவம் எழுதியது:

புதுச்சேரிப் பெட்டிக்கு நான் சொல்கிறேன். ஃப்ரோஸன் சரக்கைத் தெர்மாகோல் பெட்டியில் பஸ் பார்சலாக அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். ஈ.சி.ஆர். வழியில் 150 கிலோமீட்டர் சுமார், நாலு மணி நேரத்துப் பயணம். ஆனால் பார்சல் அலுவலகத்தில் காத்திருப்பது, அங்கே இறக்கி எடுக்க வருவது எல்லாம் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள். பயண நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்குப் பெட்டி தாங்க வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் சாதாரண ஜெல் பேக்கை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அது 0 டிகிரியில் உருகும், அந்த 0-வைத்தான் அது காக்கும். பால், பன்னீர், காய்கறிக்கு அருமை. மைனஸ் 18 கட்லெட்டுக்கு அதுவே சூடு. மைனஸ் 21-இல் உருகும் யூட்டெக்டிக் பேக் என்று கேட்டு வாங்குங்கள். அதன் தத்துவம் குல்ஃபிக்காரர் ஐஸில் உப்பைக் கொட்டுவதுதான், நூற்றுக்கு 23 பங்கு உப்பு சேர்ந்த நீர் மைனஸ் 21-இல்தான் உருகும். ஒரு சிக்கல், அந்தப் பேக்கை உறைய வைக்க உங்கள் ஃப்ரீசர் அதற்கும் கீழே போக வேண்டும். மைனஸ் 18-லேயே நிற்கிற ஃப்ரீசரில் அது உறையவே உறையாது, தண்ணீராகத்தான் கிடக்கும்.

இன்னொரு வழி டிரை ஐஸ். உறைந்த கரியமில வாயு, மைனஸ் 78 டிகிரி. உருகி ஈரமாகாது, நேராக வாயுவாகிவிடும். குளிர்ந்த வாயு கீழே இறங்கும் என்பதால் சரக்கின் மேல் வையுங்கள், நடுவில் ஒரு அட்டை. நல்ல தடிமனான பெட்டியிலும் ஒரு நாளைக்கு 2 முதல் 5 கிலோ வரை கரைந்து போகும், அதைக் கணக்கில் கொள்ளுங்கள். வெறும் கையால் தொட்டால் தோல் வெந்தது போல் ஆகிவிடும், தடித்த கையுறை கட்டாயம். பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டிவிடாதீர்கள். ஒரு கிலோ டிரை ஐஸிலிருந்து 500 லிட்டருக்கு மேல் வாயு வரும், வழி இல்லையென்றால் பெட்டி வெடிக்கும். கண்ணாடி ஏற்றிய காரில் இதை வைத்துக்கொண்டு போகவே கூடாது, வாயு நிறைந்து ஓட்டுகிறவருக்கு மூச்சு முட்டும், மயக்கம் வரும். ஏ.சி. பஸ்ஸின் சரக்கு அறை விஷயத்திலும் அதே கவலைதான். உள்ளே டிரை ஐஸ் இருக்கிறது என்று பார்சல்காரரிடம் சொல்லி, அவர் ஒத்துக்கொண்டால் மட்டும் அனுப்புங்கள். மறைத்து அனுப்புவது வேறு ஒருவர் உயிரோடு விளையாடுவது. உங்கள் இடத்தில் நானாக இருந்தால் யூட்டெக்டிக் பேக்கையே எடுப்பேன்.

பெட்டிக்குள் வெற்றிடம் விடாதீர்கள். மிச்ச இடத்தில் செய்தித்தாளைக் கசக்கி அடையுங்கள். திருவல்லிக்கேணிக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842-இல் ஐஸ் வைக்கக் கட்டியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டி, கப்பலில் மாதக்கணக்கில் வந்து அங்கே இறங்கியது. மின்சாரம் கிடையாது, கம்ப்ரசர் கிடையாது. கட்டிகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, சுற்றிலும் மரத்தூளை அடைத்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த வேலைக்காரர்கள் மேல் பெரிய மரியாதை வரும்.

---

ராயபுரத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கட்லெட்டுக்கு நாங்கள் எடுப்பது சூரைதான். சேலையூர் அண்ணன் சொன்னதைப் படித்ததும் நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஐஸ் விஷயத்தை இந்த வாரமே மாற்றுகிறோம். அட்டைப்பெட்டியில் உறைய வைப்பதையும் இன்று ராத்திரியிலிருந்து நிறுத்துகிறோம்.

இரண்டு கேள்வி பாக்கி. இளகித் திரும்பி வந்த சரக்கை மறுபடி உறைய வைத்து விற்கலாமா? பக்கத்தில் ஒருவர் "பொரித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். அப்புறம், வண்டிக்காரரோடு இனி எப்படிப் பேசுவது? சரக்கு கெட்டால் யார் பொறுப்பு என்று வாய்ச்சண்டையில்தான் முடிகிறது.

---

மாதவரம் கிடங்கு எழுதியது:

அக்கா, விற்கக் கூடாது. நடுவில் இன்னும் பனித்துகள் இருந்து, 5 டிகிரிக்குக் கீழே இருந்தால், வீட்டில் மறுபடி உறைய வைத்துச் சாப்பிடுவதில் ஆபத்து இல்லை, ருசிதான் குறையும். ஆனால் வண்டியில் எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் கிடந்தது என்று உங்களுக்கே தெரியாத சரக்கை, உங்கள் பெயர் ஒட்டிய பாக்கெட்டில் இன்னொருவர் வீட்டுக்கு அனுப்ப முடியாது. பொரித்தால் கிருமி சாகும், கிருமி விட்டுப்போன நச்சு எல்லாம் சாகாது. சூரை மீனின் ஹிஸ்டமின் பற்றிச் சேலையூர் அண்ணன் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

வண்டிக்காரரிடம் பேச எழுத்து வேண்டும். டெலிவரி சலானிலேயே நாலு விஷயம் எழுதுங்கள்: ஏற்றிய நேரம், ஏற்றும்போது பாக்கெட் நடுவில் எத்தனை டிகிரி, வண்டிக்குள் எத்தனை டிகிரி, வண்டி எண். ஓட்டுநரும் நீங்களும் கையெழுத்து. ஒவ்வொரு கடையிலும் இறக்கும்போது கடைக்காரர் அளந்து அதன் கீழேயே எழுதட்டும். மைனஸ் 18-இல் ஏற்றினீர்கள் என்று காகிதத்தில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். மைனஸ் 18 வராத நாளில் ஏற்றாதீர்கள். கடைக்குப் போன் பண்ணி நாளைக்கு வரும் என்று சொல்லிவிடுங்கள். வண்டிக்காரருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள், உணவை ஏற்றிச் செல்கிறவர்களுக்கும் அது தேவை.

வண்டியை ஒருமுறை நீங்களே சோதியுங்கள். கதவு ரப்பருக்கு நடுவில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் ஒழுகுகிறது. சுற்றிலும் நாலைந்து இடத்தில் பாருங்கள். கீழ்மூலை ரப்பர்தான் முதலில் போகும்.

சொந்த வண்டி எண்ணம் வந்தால், 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீன் ஏற்றும் குளிர்பதன வண்டிக்குப் பெண்களுக்கு 60 சதவீதம், பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம் மானியம் வைத்திருந்தார்கள். இப்போதைய நிலவரத்தை மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

---

ராயபுரத்துக்காரி எழுதியது:

சலான் நோட்டு இன்றே அடிக்கக் கொடுத்துவிட்டேன். வெப்பநிலையைத் தானாகக் குறித்துக்கொள்ளும் சின்ன லாகர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். அதை வண்டியில் எந்த இடத்தில் வைக்க வேண்டும்?

---

மாதவரம் கிடங்கு எழுதியது:

இரண்டாக வாங்குங்கள். ஒன்று கதவருகே, மேல் வரிசைப் பெட்டிக்குள், பாக்கெட்டுகளுக்கு நடுவில். வண்டியில் முதலில் சூடாகும் இடம் அதுதான். இன்னொன்று செங்கல்பட்டுக்குப் போகும் பெட்டிக்குள். குளிர்க்காற்று வரும் வாய்க்கு நேராக மட்டும் வைக்காதீர்கள், அது எப்போதும் நல்ல எண்ணைத்தான் காட்டும். முதல் நாள் முந்தின ராத்திரியே இரண்டையும் உங்கள் ஃப்ரீசருக்குள் போட்டு ஓடவிட்டு, அப்படியே வண்டியில் ஏற்றுங்கள். சாயங்காலம் லாகர் காட்டும் வெப்பநிலை வரைபடத்தை எடுத்து இங்கே போடுங்கள், எந்தக் கடையில் கதவு எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது வரை அதில் பார்த்துச் சொல்லிவிடலாம்.